நானூற்றுப் பதின்மூன்றாவது பாட்டு

பட்டியலில் ஒரு பாட்டு அதிகமாக இருந்தது.

மெய்ப்புத் திருத்துநர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். நானூற்றுப் பதின்மூன்று. மனைவி பாட, அவர் பதிவு செய்ய, ஒன்பது ஆண்டுகளில் சேர்ந்தவை நானூற்றுப் பன்னிரண்டு; அந்த எண்ணை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கூடுதலாய் வந்து ஒட்டிக்கொண்டதற்குத் தலைப்பு இல்லை, பாடியவர் பெயர் இல்லை. நீளம் நான்கு நொடி.

"குப்பை," என்று பல்லைக் கடித்தபடி, அன்று நிறுவிய இரண்டாவது மென்பொருளையும் கணினியிலிருந்து நீக்கினார்.

குற்றம் அவருடையதுதான். ஒவ்வொரு பாட்டின் முதலடியையும், பண்ணையும், பாடிய நாளையும் பழைய இசைப்பானின் பட்டியலுக்குள் தட்டச்சு செய்தாரே ஒழிய, பாட்டுக் கோப்புகளில் ஓர் எழுத்தும் எழுதி வைக்கவில்லை. புதுக் கணினியில் அந்த இசைப்பான் திறக்கவே மறுத்தது. கோப்புறையில் மிஞ்சியவை வரிசை குலைந்த வெறும் எண்கள். அவற்றுள் எங்கோ, மருத்துவமனைக்குப் போன நாளன்று அவள் கடைசியாகப் பாடிய துதிப்பாட்டு ஒளிந்திருந்தது. அதை வாங்கிப் போக அவளுடைய தம்பி மாலை ஆறு மணிக்கு வருகிறான். அக்காவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட வந்துசேர முடியாமல் கடலுக்கு அப்பால் இருந்தவன். அவனுக்கு அதையாவது கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றாய்க் கேட்டுத் தேடலாம்தான். ஆனால் அவள் போன இந்தப் பத்து மாதத்தில் ஒன்றையேனும் கேட்க அவருக்கு நெஞ்சுரம் வரவில்லை.

ஆகவே பெயர்களை மீட்டுத் தரும் மென்பொருள் ஒன்று வேண்டும். கேட்டது அவ்வளவுதான். முதலில் வந்தது, திறப்பதற்கு முன்பே மின்னஞ்சல் முகவரி கேட்டது. இரண்டாவது, ஒவ்வொரு பாட்டையும் ஒரு தனித் தொகுப்பாக்கிச் சிதறடித்தது. மூன்றாவது, கோப்புறைக்கு அவர் ஆசையாய் இட்ட தமிழ்ப் பெயரைக் கட்டம் கட்டமாகக் காட்டியதோடு நில்லாமல், பாடியவர் யாரென்று தானே ஊகித்து, முறுக்கு மீசை வைத்த யாரோ ஒருவரின் படத்தை அவளுடைய பாட்டுகளின் மேல் ஒட்டியது. அதிலும் நானூற்றுப் பதின்மூன்று. தலைப்பில்லாத அந்த ஒன்று இப்போது இரண்டு நிமிடம்.

நீக்கினார். நான்காவதை நிறுவும்போது செல்பேசி ஒலித்தது. மைத்துனன்.

"அத்தான், எந்த சாஃப்ட்வேர்ல நிக்கறீங்க?"

"நாலாவதுல. எல்லாம் ஒரே லட்சணம்தான்ப்பா. உங்கக்காவுக்கு மீசை வச்சுப் பாத்தாச்சு இன்னைக்கு."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "அவ மட்டும் இருந்திருந்தா உங்கள உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பா. செட்டிங்ஸ்ல போங்க, பழைய லைப்ரரிய இம்போர்ட் பண்றதுக்கு ஒண்ணு இருக்கும்."

"மூணுலயும் பாத்துட்டேன். நீ வந்து பாரு, தெரியும்."

"கோவப்படாதீங்க. ஆறு மணிக்குள்ள வந்துடறேன்." சற்று நிறுத்தினான். "பேசும்போதாவது அந்தப் பாட்ட நிறுத்துங்களேன், அத்தான்."

"எந்தப் பாட்ட?"

"பின்னாடி ஓடுதே. அக்கா மூச்சு இழுக்கறது கேக்குதே. பாட்டு எடுப்புக்கு முன்னாடி இழுப்பாளே, அப்படி."

அவர் திரையைப் பார்த்தார். நிறுவல் பட்டை பாதியில் நின்றிருந்தது. வேறொன்றும் ஓடவில்லை.

செல்பேசியை வைத்தார். மழைக்கு முந்தைய மந்த வெளிச்சம் சன்னல் திரையின் வழியே மேசைமேல் படிந்திருந்தது. கட்டுக்கட்டாய்க் கிடந்த மெய்ப்புத் தாள்களிலிருந்து அச்சு மையின் புளித்த வாடை எழுந்தது. கணினியின் விசிறி மெல்லச் சுழன்று, தயங்கி, மீண்டும் சுழன்றது. அவரை உறுத்தியது ஒன்றே ஒன்று. அந்த நானூற்றுப் பன்னிரண்டு பாட்டுகளில் எதிலும் மூச்சொலி கிடையாது. பிழையின்றி அச்சேற்றிப் பழகிய கை அவருடையது. ஒவ்வொரு பதிவையும் திரையில் விரித்து, அடிக்கும் அடிக்கும் இடையே அவள் இழுத்த மூச்சையும், பின்னாளில் இருமலையும், களை பிடுங்குவதுபோல் நறுக்கி அழித்திருக்கிறார். பழஞ்செய்யுள் உயிர்ப்பு என்று போற்றிய மூச்சை அவர் அழுக்கு என்று எண்ணினார். அவளும் ஒருநாள் கேட்டாள்: "எல்லா மூச்சையும் வெட்டிட்டா அது நான் பாடினதாங்க?"

நான்காவது மென்பொருள் திறந்தது. கேளாமலேயே பழைய பட்டியலைக் கண்டெடுத்தது. முதலடிகள், பண்கள், நாள்கள் யாவும் வரிசையாய் வந்து அமர்ந்தன. காலையிலிருந்து பட்ட எரிச்சலெல்லாம் இறங்க, அவர் நாற்காலியில் சாய்ந்தார். நானூற்றுப் பன்னிரண்டாவதாய் அந்தத் துதிப்பாட்டு.

அதன் கீழே, தலைப்பில்லாத ஒன்று. நாற்பத்தொரு நிமிடம்.

அவர் அதைப் பார்க்காததுபோல் பாவித்தார். கொடுக்குமுன் சரிதானா என்று கேட்டுவிட வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசிப் பாட்டை ஓடவிட்டார்.

குரல் மாசற்று எழுந்தது. எழுந்தது, சுழன்றது, இறங்கியது. ஓர் இடத்திலும் மூச்சு வாங்கவில்லை. உயிருள்ள எவரும் அப்படிப் பாட முடியாது என்பது இன்றுதான் அவருக்கு உறைத்தது. ஈற்றடிக்கு முன் பாட்டு அறுந்து நின்றது. அந்த இடத்தில் அவள் என்ன சொன்னாள் என்பது அவருக்குத் தெரியும். "கொஞ்சம் நிறுத்துங்க. மூச்சு முட்டுது." அவர் என்ன சொன்னார் என்பதும் தெரியும். "இந்த ஒரு அடிய முடிச்சிடு."

அவள் முடிக்கவில்லை. முடிக்க முயன்றாள்.

அன்று அதையும் வெட்டினார். அழித்தார். குப்பைத் தொட்டியையும் காலி செய்தார்.

ஒரு பாட்டு முடிந்தால் அடுத்ததற்குத் தானே தாவுவது எல்லா இசைப்பான்களின் வழக்கம். தாவியது.

மூச்சு.

இன்னொரு மூச்சு. சின்ன இருமல். மூச்சு. ஒவ்வொன்றும் அவருக்குத் தெரிந்தது. எந்தப் பாட்டின் எந்த இடம் என்று விரல் வைத்துச் சொல்வார். ஒன்பது ஆண்டும் வரிசையாய் வந்தன. நாற்பது நிமிடம் நாற்காலியோடு உறைந்து கேட்டார். வரவர இருமல் பெருத்தது. மூச்சு சிறுத்தது.

"கொஞ்சம் நிறுத்துங்க."

பதறி நிறுத்தப் பொத்தானை அழுத்தினார். பட்டை நகர்ந்தது. அழுத்தினார். நகர்ந்தது. முடிவை எட்டியது, நிற்கவில்லை. நீளம் நாற்பத்தொரு நிமிடம் ஒரு நொடி. இரண்டு நொடி. மூன்று. இது பழைய பதிவன்று. இப்போது பதிவாகிறது.

மென்பொருளை மூடினார். மூடவில்லை. மின்கம்பியைப் பிடுங்கினார். திரை இருண்டது. விசிறி நின்றது.

மூச்சு நிற்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றினார். இப்போது இன்னும் தெளிவாய்க் கேட்டது.

வாசலில் அழைப்பு மணி. ஆறு மணி. "அத்தான்!"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். உள்ளே இழுக்கக் காற்று இல்லை.

முதுகுக்குப் பின்னே யாரோ மூச்சை இழுத்தார்கள். நீளமாய். ஆழமாய். எடுப்புக்கு முன் இழுப்பதுபோல. பூட்டிய சன்னலின் திரை அவர் பக்கமாய் உப்பியது. பிடரி மயிர் பின்னோக்கிச் சாய்ந்தது. மேசையிலிருந்த மெய்ப்புத் தாள்கள் ஒவ்வொன்றாய் எழும்பி, அவர் காதை உரசிக்கொண்டு, பின்னால் போயின.

இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது, அந்த ஈற்றடிக்கான மூச்சு.