பீவிட் படகின் பாரம்

குமிழி நடுவில் நின்றது. லோர்னா குனிந்து இன்னொரு முறை பார்த்தாள்.

அவள் படகின் இடதுபக்கச் சுவரை ஒட்டி மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். ஏழடி அகலமே உள்ள கால்வாய்ப் படகில் ஒரு ஆள் ஓரமாக உட்கார்ந்தால் படகு அந்தப் பக்கம் சாய்ந்துதான் ஆக வேண்டும். தரையின் குறுக்கே அவள் வைத்திருந்த ரசமட்டத்தில் குமிழி எதிர்ப்பக்கம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. அவள் எழுந்து வலதுபக்கம் போய் உட்கார்ந்தாள். படகு மெல்ல ஆடியது. அடியில் தண்ணீர் இரும்பை நக்கும் சத்தம் வந்து நின்றது. குமிழி கொஞ்சம் விலகியது, யோசிப்பது போல நின்றது, பிறகு திரும்பி நடுவுக்கே வந்துவிட்டது.

தரைக்கு அடியில் படகு ஆடாமல் நிற்கப் பாரத்துக்குப் போட்டிருந்த சிமெண்டுப் பாளங்களை யாரோ ஏறுக்குமாறாக அடுக்கியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அவள் வேலையைத் தொடர்ந்தாள். நவம்பர் மாதம். நாலு மணிக்கே இருட்டிவிடும். வெளிச்சத்தை வீணாக்க முடியாது.

பீவிட் என்ற இந்தப் படகை அவள் வாங்கி ஐந்து வாரம் ஆகியிருந்தது. நாற்பத்தைந்து அடி நீளம், இரும்பு உடல், பழைய டீசல் இயந்திரம், உள்ளே அழுகிப்போன மரம். விலை பதினெட்டாயிரம் பவுண்டு. அந்த நீளத்துக்கு வேறெங்கும் முப்பதாயிரத்துக்குக் குறைந்து கிடைக்கவில்லை. பள்ளிச் சமையலறையில் இருபத்தோரு வருஷம் உருளைக்கிழங்கு மசித்துச் சேர்த்த பணம் அது. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டாள். சோபாவையும் அலமாரியையும் விற்று, சுவரில் குளிர் தடுக்கக் கண்ணாடிப் பஞ்சும் பிளைவுட்டும் வாங்கினாள். திரும்பிப் போக இடம் கிடையாது.

விற்றவன் கரையிலேயே நின்று படகைக் காட்டினான். சாவியைக்கூட நீட்டித்தான் கொடுத்தான். "நீங்களே உள்ள போய்ப் பாருங்க, எனக்கு முழங்கால் வலி," என்றான். பிறகு தன் வண்டிக்கு விறுவிறுவென்று நடந்து போனான்.

பழைய மரப்பலகைகளைப் பெயர்த்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. சுவர் நெடுக, ஜன்னல் உயரத்துக்கு, சேற்றுக் கோடு ஒன்று ஓடியது. கோட்டுக்குக் கீழே எல்லாம் பழுப்பு. படகு ஒரு தடவை மூழ்கி எடுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்துப் படகில் குடியிருக்கும் நோயலைக் கூப்பிட்டுக் காட்டினாள். நோயல் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். நூற்றுப்பத்து கிலோ ஆள். பன்னிரண்டு வருஷமாகக் கால்வாயில் இருக்கிறார்.

"முங்கின படகெல்லாம் எத்தனையோ ஓடிக்கிட்டிருக்கும்மா," என்றார் அவர். "இரும்பு நல்லா இருக்கு. காயவெச்சு, பெயின்ட் அடிச்சு, மூடிப் போடு. நீ சொல்லலைன்னா யாருக்குத் தெரியும்?"

அவளும் காயவைத்தாள், பெயின்ட் அடித்தாள், மூடினாள். ஆனால் அந்தக் கோட்டுக்குக் கீழே கை வைக்கும்போதெல்லாம், அடுப்பு இல்லாத அந்த அறையில், இரும்பு வெளியே இருக்கும் தண்ணீரைவிடக் குளிர்ந்திருந்தது.

ரசமட்டத்தைப் பார்த்துவிட்ட பிறகு மூன்று நாள் அவள் சும்மா இருந்தாள். நாலாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், பலகையை மூடித் திருகு போடும் முன் பாளங்களைச் சரிபார்த்துவிடலாம் என்று தரையைப் பெயர்த்தாள். இடதில் முப்பத்தாறு. வலதில் முப்பத்தாறு. கச்சிதமாக, கோடு பிடித்தது போல.

அவள் பலகையைத் திரும்பப் போட்டு மூடிவிட்டு நோயலைக் கூப்பிடப் போனாள்.

"படகுல ரசமட்டமா?" அவர் உள்ளே வந்ததும் சிரித்தார். படகு அவர் கால் பட்டதும் பின்பக்கம் அமுங்கி எழுந்தது. "தண்ணி மேல மட்டம் பாக்குற ஒரே ஆள் நீதான். அடுத்து மேகத்துக்கு அளவெடுப்பியா?"

"அஞ்சு நிமிஷம் நோயல். வலதுபக்கம் அந்தப் பெட்டி மேல உக்காருங்க. அசையாதீங்க."

"டீ உண்டா?"

"உக்காருங்க முதல்ல."

அவர் உட்கார்ந்தார். பெட்டி முனகியது. லோர்னா எதிரே இடதுபக்கம், சுவரோடு சுவராக, பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவே தரையில் மஞ்சள் ரசமட்டம் கிடந்தது. ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்தார்கள். வெளியே மூடுபனி ஜன்னலை ஒட்டி நின்றது. கரையும் தெரியவில்லை, மரமும் தெரியவில்லை.

குமிழி நடுவில் வந்து நின்றது.

"அப்புறம்? சரியாத்தானே இருக்கு," என்றார் நோயல்.

"நீங்க நூத்திப்பத்து கிலோ."

"அதை ஏன் இப்ப கிளப்புற?"

"நான் அம்பத்தஞ்சு."

நோயல் குமிழியைப் பார்த்தார். வாய்க்குள் எதையோ கணக்குப் போட்டார். சிரிப்பு அவர் முகத்தில் கொஞ்சம் பிந்தியே வந்தது. "பழைய ரசமட்டம்மா. எந்தக் குப்பைத் தொட்டில பொறுக்கின? அதைத் தூக்கி எறி. வா, என் படகுல டீ குடிக்கலாம்."

"அடுப்பைப் பத்தவெச்சுட்டு வரேன்," என்றாள் லோர்னா. அன்றுதான் கணப்படுப்பின் புகைபோக்கியை மாட்டி முடித்திருந்தாள்.

அவர் போனார். பின்பக்கம் அமுங்கி எழுந்தது. கரைப்பாதையில் அவர் காலடி பனிக்குள் தேய்ந்து போனது. அவள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, பழையபடி பெயின்ட் டப்பாவின் மேல் வந்து உட்கார்ந்து பார்த்தாள்; குமிழி மறுபடி நடுவில்தான் நின்றது.

அதன் பிறகுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. இத்தனை நாளும் அது எதிர்ப்பக்கம் இருந்தது. அவள் இடதில் இருந்தால் அது வலதில். அவள் வலதுக்குப் போனால் அது இடதுக்கு. நடுவே தரையின் அகலம் இருந்தது. ஆனால் நோயல் வலதில் உட்கார்ந்திருந்தபோது மீதி ஐம்பத்தைந்து கிலோ இடதில் இருந்திருக்கிறது.

அவள் இருந்த பக்கம்.

அவளை ஒட்டி.

அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் படகு ஆடும். ஆடினால் எது எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். அடுப்பில் நெருப்பு பிடித்துக் கரி சடசடத்தது. புது பெயின்ட்டின் வாசனையும் அறுத்த மரத்தின் வாசனையும் சூட்டில் கிளம்பின. அவற்றுக்கு அடியிலிருந்து மெதுவாக இன்னொன்று எழுந்தது, கால்வாய் அடிச்சேற்றின் வாசனை, நனைந்த கம்பளிச் சட்டை பல நாள் மூட்டையில் கிடந்த வாசனை. ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்து வழிந்தது.

குமிழி நகர்ந்தது.

அவள் அசையவில்லை. ஆனாலும் நகர்ந்தது, மயிரிழை மயிரிழையாக, அவளிடமிருந்து விலகி மேலேறியது. அவள் இருந்த பக்கம் தாழ்ந்தது. நோயல் உட்கார்ந்திருந்த பெட்டி எதிரே காலியாக உயர்ந்து தெரிந்தது. அவளே திருகிப் பொருத்திய பலகை, அவள் இடக்கைப் பக்கம், ஒரு முறை கிரீச்சிட்டது.

எழுந்தாள். ரசமட்டத்தை மிதித்தாள். படிகள். கதவு. பனி முகத்தில் அடித்தது. கரைக்குத் தாவினாள்.

பின்னால் படகு அமுங்கி எழுந்தது. அவள் தாவியதால் எழுந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நோயலின் படகு இருபது அடி தள்ளி நின்றது. மஞ்சள் வெளிச்சம், புகை, வாணலியில் பன்றி இறைச்சி வறுபடும் சத்தம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி, மூன்று படி இறங்கி, அடுப்பை ஒட்டிய நீள இருக்கையில் விழுந்தாள். இங்கே எல்லாம் காய்ந்திருந்தது. தரைவிரிப்பு, செய்தித்தாள், ரேடியோவில் கால்பந்து முடிவுகள் வாசிக்கும் குரல். அவள் மூச்சு மெல்லச் சீரானது. இன்றிரவு இங்கேயே இந்த இருக்கையில் படுத்துக்கொள்ளக் கேட்கலாம். திங்கட்கிழமை படகை விற்க விளம்பரம் கொடுக்கலாம். எவனாவது வாங்குவான். அவள் வாங்கவில்லையா?

நோயல் அடுப்படியில் முதுகைக் காட்டியபடி நின்று கெட்டிலிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கதவைச் சாத்திடச் சொல்லும்மா," என்றார். "குளிர் வருது."

"யாரை?"

"உன்னோட வந்தவங்களைத்தான். யாரு, உன் அக்காவா? வரேன்னு சொல்லவே இல்லையே. நீ ஏறினப்ப ஒரு தடவை ஆடிச்சு, அடுத்து இன்னொரு தடவை. பாலு போதாதுன்னு நெனைக்கிறேன்."

லோர்னா அடுப்படி மேடையைப் பார்த்தாள். அங்கே மூன்று கோப்பைகள் இருந்தன.

ரேடியோ ஓடிக்கொண்டே இருந்தது.

பக்கத்தில் மெத்தை அமுங்கியது. மெதுவாக. வயதானவர்கள் உட்காருவது போல. அவள் உடல் அந்தப் பள்ளத்தை நோக்கிச் சரிந்தது. காலைத் தரையில் ஊன்றிப் பிடித்துக்கொண்டாள். தொடைக்கு அடியில் ஈரம் பரவியது. பனிக்கட்டி போன்ற ஈரம். திரும்பிப் பார்க்கக் கூடாது. கூடாது.

"சக்கரை எத்தனை போடட்டும் அவங்களுக்கு?" என்றபடி நோயல் மூன்று கோப்பைகளையும் இரு கைகளில் கோத்துப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

அவர் லோர்னாவைப் பார்க்கவில்லை. அவர் பார்வை அவள் தோளுக்குப் பக்கத்தில், அவள் முகத்துக்குச் சரிசமமான உயரத்தில் போய் நின்றது. முதலில் விருந்தாளியைப் பார்க்கும் புன்னகை. அது அப்படியே முகத்தில் தங்கிவிட்டது. கண்கள் மட்டும் விரிந்துகொண்டே போயின. கோப்பைகள் சாய்ந்து கொதிக்கும் தேநீர் அவர் விரல்களில் வழிந்தது. அவர் அதை உணரவே இல்லை. இருக்கையின் விளிம்பிலிருந்து காய்ந்த தரைவிரிப்பில் கறுப்பு நீர் சொட்டத் தொடங்கியது.