மாலையில் பச்சையான சுவர்

மணி ஐந்தரை. ஆறு மணிக்கு வீட்டுக்காரம்மா வந்துவிடுவார்.

அம்மா கூடத்தின் நடுவில் பெயிண்ட் ரோலரைப் பிடித்தபடி நின்றாள். பள்ளி விட்டு நேரே அங்கே வந்த மகள், பையை இறக்காமல் சுவரைப் பார்த்தாள்.

"நீலம்னு சொன்னியேம்மா?"

காலையில் அடித்தபோது நீலமாகத்தான் இருந்தது. இப்போது வெளிறிய பச்சை.

இத்தனை நாள் அம்மா ஒரு மேஸ்திரியிடம் கூலிக்குப் பெயிண்ட் அடித்தாள். தனியாக எடுத்த முதல் வீடு இது. கூடம் பிடித்தால்தான் மற்ற அறைகள் என்று வீட்டுக்காரம்மா கறாராகச் சொல்லியிருந்தார்.

அம்மா காலி டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். நிறத்தின் எண் சரி. கலக்கும்போது தப்பு செய்துவிட்டேன் என்றாள், மூன்றாவது முறையாக.

மகள் தலையைக் குனிந்தாள். அவளுடைய வெளிர்நீலப் பள்ளிச் சட்டையும் பச்சையாக இருந்தது.

வாசலுக்கு ஓடினாள். நீலம். உள்ளே வந்தாள். பச்சை. மறுபடி ஓடினாள்.

"கால்ல வெந்நீர ஊத்திக்கிட்டியா?" என்றார் ஏணியில் நின்ற எலக்ட்ரீசியன் மாமா.

"மாமா, லைட்ட அணைங்க."

இறங்கி அணைத்தார். ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் சுவர் நீலமானது.

மாமா தலையைச் சொறிந்தார். வீட்டுக்காரம்மா மஞ்சள் பல்புகள் வாங்கிக் கொடுத்திருந்தார். மத்தியானம்தான் பழைய வெள்ளையைக் கழற்றிவிட்டு அவற்றை மாட்டினாராம். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வெள்ளையவே திரும்ப மாட்டிடறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

அம்மா மகளைப் பார்த்தாள்.

"நாளைக்கு அவங்களே மஞ்சளப் போட்டா? அப்பவும் திட்டு அம்மாவுக்குத்தான். ஒரு பக்கம் மட்டும் வெள்ளை போடுங்க மாமா."

மாமா மாட்டி முடிக்கவும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

வீட்டுக்காரம்மா உள்ளே வந்தார். சுவரின் ஒரு பாதி நீலம், மறு பாதி பச்சை. அவர் புருவம் மேலே ஏறியது. அம்மா எதையோ சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் மகள் சுவரின் நடுவில் போய் நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள். ஒரு கை நீலச் சட்டை போட்டிருந்தது. மற்றது பச்சை.

"பெயிண்ட் ஒண்ணுதாங்க. லைட்டுதான் ரெண்டு," என்றாள்.

வீட்டுக்காரம்மா மஞ்சளை அணைத்தார். போட்டார். தன் கைப்பையை அங்கே ஒருமுறை, இங்கே ஒருமுறை பிடித்துப் பார்த்தார்.

கடைசியில் கூடத்துக்கு வெள்ளையே இருக்கட்டும், மஞ்சளைப் படுக்கையறையில் மாட்டலாம் என்று மாமாவிடம் சொன்னார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு நாம படுக்கையறைக்கு நிறம் எடுக்கப் போறோம். இந்த மஞ்சள் பல்பக் கொண்டு போனா, கடைக்காரர் மாட்டிப் பாக்க விடுவாரா?"