ஆளுக்கொரு டம்ளர்

"ஒரு வாய் தண்ணி கேட்ட மனுஷிக்கு அளவு டம்ளரை நீட்டுறீங்களே அண்ணி... உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

விடிந்ததும் விடியாததுமாக நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள். மருமகள் டம்ளரின் அளவுக்கோட்டைச் சரிபார்த்து மாமியார் கையில் கொடுத்தாள். மாமியாருக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தொடங்கியதிலிருந்து அந்த வீட்டில் தண்ணீருக்குக் காவல் அவள்தான். அளவு மீறக் கூடாது என்று சொன்ன டாக்டர் நல்லவர். சொன்னபடி கேட்டவள் கொடுமைக்காரி!

பேசிக்கொண்டிருக்கும்போதே மாமியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் ட்ரோபோனின் கூடியிருக்கிறது என்று நர்ஸ் சொன்னதுதான் தாமதம், நாத்தனார் அலறினாள்.

"ஹார்ட் அட்டாக்! எங்கம்மாவைத் தவிக்கவிட்டே கொன்னுட்டீங்களே அண்ணி!"

கணவனும் சேர்ந்துகொண்டான். "அம்மாவுக்கு ஏதாவது ஆச்சு... நீ வீட்டுப் பக்கமே வராதே!"

மருமகள் டாக்டரிடம் ஓடினாள். "என்னை விடுங்க... அத்தை பிழைச்சுக்குவாங்களா டாக்டர்?"

டாக்டர் பதறவில்லை. "இருங்கம்மா. கிட்னி கெட்டவங்களுக்கு இது எப்பவுமே தூக்கலாத்தான் இருக்கும். ஒரு தடவை பாத்துட்டு அட்டாக்னு சொல்லிட முடியாது. அட்டாக்னா ஏறிக்கிட்டே போகும். ஈசிஜி மோசமில்ல. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் ரத்தம் எடுத்துப் பாப்போம்."

முள்மேல் இருந்தார்கள். ஒரு பெஞ்சில் குடும்பம், எதிர் பெஞ்சில் அவள் மட்டும்.

கடைசியில் டாக்டர் வேகமாக வந்தார். "ஏறல! அப்படியேதான் இருக்கு. இது மாரடைப்பு இல்ல!"

மாமனார் கைகூப்பிவிட்டார்.

"ஆனா உடம்பு பூரா தண்ணி. அதான் மூச்சு முட்டி நெஞ்சை அடைச்சிருக்கு. உடனே டயாலிசிஸ் பண்ணணும். யாரு இவ்வளவு தண்ணி குடுத்தது?"

நாத்தனார் முந்தானையைத் திருகினாள். "நான்தான்... பாவமா இருந்துச்சு. தினம் ஒரே ஒரு டம்ளர்..."

கணவன் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். "நானும்... ஒரு டம்ளர்தான்..."

"நீயுமாடா?" மாமனார் பெஞ்சிலிருந்து எழுந்தேவிட்டார். "நான் ரெண்டு குடுத்தேனே!"

ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பாசத்தை ஊற்றியிருக்கிறார்கள்! டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

டயாலிசிஸ் முடிந்து கண் திறந்ததும் மாமியார் கேட்டாள். "என் மருமக எங்க?"

கதவோரம் நின்றவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இவளையா திட்டுனீங்க? எனக்கு அளந்த தண்ணியைத்தான் இவளும் குடிக்கிறா... உங்க யார் கண்ணுலயாவது பட்டுச்சா? 'உங்களுக்குத் தாகமா இருக்கும்போது எனக்கு மட்டும் எப்படி இறங்கும் அத்தை'ன்னா! இந்தக் காய்ஞ்ச உதட்டைப் பாத்துக்கிட்டே உங்ககிட்ட திருட்டுத்தனமா வாங்கிக் குடிச்சேனே... நான்தாண்டி பாவி!"

கணவன் தலை நிமிரவில்லை. "என்னை மன்னிச்சிரும்மா..." என்றான் மனைவியிடம்.

நாத்தனார் வெளியே ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் தளும்பத் தளும்ப ஒரு டம்ளர்.

"ஏய்! மறுபடியுமா?" அண்ணன் பதறினான்.

"அம்மாவுக்கு இல்லண்ணா..." அவள் விம்மினாள். "அண்ணிக்கு! குடிங்க அண்ணி... பூராத்தையும் குடிங்க!"

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் தலையசைத்தாள். அதன் பிறகுதான் அவள் டம்ளரை வாங்கிக் குடித்தாள்.