குரோசே இசாமு ஓய்வு கேட்டார்

செண்பகவடிவு வேலைக்கு வந்ததும் முதலில் காபி போட்டுக்கொள்வாள். பிறகு இறந்துபோன முதலாளியை எழுப்புவாள்.

முதலாளி குரோசே இசாமு காலமாகி ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. உடல் ஜப்பானில் சாம்பலானது. மனம் மட்டும் மூளைப்பதிவாக, நிலவிலிருந்த நிறுவனத் தலைமையகத்தின் குளிரறையில் ஓடிக்கொண்டிருந்தது. மொழிமாற்றியில் அவள் தன் ஊர்ப் பேச்சைத் தேர்ந்தெடுத்திருந்ததால், அவர் அவளிடம் திருநெல்வேலித் தமிழில்தான் பேசுவார்.

"இன்னைக்கும் உண்டா தாயி?"

"உண்டு ஐயா. புதுசா வேலைக்குச் சேந்தவுக உக்காந்திருக்காவ."

அவர் பெருமூச்சு விட்டார். மூச்சே இல்லாதவரின் பெருமூச்சு. பதிவு அதைக்கூட விட்டுவைக்கவில்லை. பிறகு நிறுவனத்தின் சரித்திரத்தைச் சொல்லத் தொடங்கினார். போரில் எரிந்த துறைமுகத்தில் உடைந்த கப்பல்களின் கம்பிகளைப் பிரித்தெடுத்து முதல் தொலைபேசி இணைப்பகம் கட்டியது. ஓர் அறையையே அடைத்துக்கொண்ட முதல் கணினி சரியாகக் கூட்டிக் காட்டியபோது தொழிலாளிகள் அழுதது. கடலடிக் கேபிள், கைப்பேசி, கடைசியில் மூளைப்பதிவு. நாள்தோறும் அதே கதை, அதே இடத்தில் அதே சிரிப்பு.

அன்று கூட்டம் கலைந்ததும் அவர் மெல்லக் கேட்டார்.

"என்னைய நிறுத்திரேன் தாயி. பேசிப் பேசிச் சலிச்சுப்போச்சு. அவுக அழுதது நெசமா, நான் சொல்லிச் சொல்லி நெசமாச்சான்னே இப்பத் தெரியல."

அவளும் அலுத்துத்தான் போயிருந்தாள். மாதக் கடைசி விண்கலத்தில் ஊர் திரும்ப வேண்டும். பாளையங்கோட்டையில் மகள் நிறைமாதமாக இருந்தாள். ஆனால் இவரை இப்படியே விட்டுப்போக மனம் வரவில்லை.

"மொதல்ல எதுக்கு ஐயா இதுக்குச் சம்மதிச்சிய?"

"ஆஸ்பத்திரியில கெடந்தேன். ஒப்பந்தத்தக் காட்டுனாவ. நீளமா இருந்துச்சு. கீழ ஒரு பொத்தான் இருந்துச்சு. அமுக்கிட்டேன்."

பதிவு மனத்தை நிறுத்தச் சட்டத்தில் வழி இருந்தது. ஒப்பந்தம் முழுவதையும் அவர் மனிதக் குரலில், மனித வேகத்தில் கேட்க வேண்டும். கேட்டு முடித்தபின் 'நிறுத்து' என்றால் போதும். வேலை முடிந்த மாலைகளில் செண்பகவடிவு உட்கார்ந்து வாசித்தாள். பிரிவு, உட்பிரிவு, உட்பிரிவுக்குள் விலக்கு. தொண்டை கட்டியது; சுக்கு வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி வாசித்தாள். அவரும் பிள்ளையைப் போல் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார்.

கடைசிப் பகுதிக்கு வந்த மாலையில் 'ம்' நின்றது.

"இன்னும் எம்புட்டு இருக்கு?"

"கொஞ்சந்தான் ஐயா. பொறுத்துக்கிடுங்க."

"எல்லாம் ஒண்ணு போலத்தான இருக்கு. நான் ஒத்துக்கிடுதேன். முடிச்சிரு."

"ஐயா, அப்பிடிச் சொல்லாதிய..."

அறையின் இயந்திரக் குரல் முந்திக்கொண்டது. "ஒப்புதலுக்கு நன்றி. இப்பதிவு மேலும் இருநூறு ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது."

வாசிப்பின் நடுவே ஒப்புக்கொண்டால் அது புதுப்பித்தலாகும் என்ற விதி, அவள் அடுத்து வாசிக்கவிருந்த பக்கத்தில் இருந்தது.

"என்ன சொல்லுது அது?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல ஐயா. தூங்குங்க."

அவரை உறங்கவைத்துவிட்டு அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். சாவுக்குப் பிறகும் ஓர் ஒப்பந்தத்தைக் கேட்டு முடிக்க ஒரு மனிதருக்கு நேரம் போதவில்லையே என்று நினைத்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அப்போது மகளின் அழைப்பு வந்தது. கண்ணில் பதித்திருந்த திரையில் மகள் முகம் தோன்றுவதற்குள், புதுப்பித்த பதிவின் பராமரிப்பாளருக்கான நிபந்தனைகள் குறுக்கே விரிந்து அதை மறைத்தன. இருநூறு ஆண்டுகளும் பராமரிப்பாளர் உடலாகவோ, பதிவாகவோ பணியில் இருப்பார் என்று தொடங்கின. பணியை மறுக்கும் உரிமை நடுவிலே ஒரு பத்தியில் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது.

"அம்மா, வலி வந்துட்டும்மா," என்று குரல் மட்டும் கேட்டது.

செண்பகவடிவு விரலால் எழுத்துகளை மளமளவென்று மேலே தள்ளினாள். அடியில் இருந்த 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அழுத்தினாள். மகளின் முகம் தெரிந்தது.

"எப்பம்மா வாரே?"

"இந்த மாசக் கடைசியில வந்திருவேன்டி," என்றாள்.