பழைய ரப்பர் வளையம்

காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் கைப்பலகை ஒளிரும். காபித் தம்ளரோடு எல்லாரும் அதன் கீழே கூடிவிடுவார்கள். நேற்று யார் பொருள் யார் கைக்குப் போனது என்று தெரியாமல் அந்தத் தெருவில் யாருக்கும் காபி இறங்காது. அன்றைய முதல் செய்தி, பதினெட்டாம் எண் வீட்டு மிக்ஸி மருமகன் பெயருக்கு மாறிவிட்டது. ஒயரை ஒட்டவைத்தது அவர்தானே! மாமியார் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஊரைக் குப்பை விழுங்கப் பார்த்த காலத்தில் வந்தது இந்தக் கைப்பாட்டுச் சட்டம். விலை கொடுத்தவருக்குப் பொருள் சொந்தமில்லை. கடைசியாகக் கைவைத்துப் பழுது பார்த்தவருக்கே சொந்தம். ஒரு வருஷம் யாரும் கைவைக்காத பொருள் உருக்காலைக்குப் போய்விடும். வேலையைக் கெடுத்தவர் பெயரோ பலகையின் அடியில் சிவப்பு வரிசையில் வருஷம் முழுக்கத் தொங்கும். அதில் பெயர் வந்த வீட்டில் சம்பந்தம் வைக்கக்கூட யோசிப்பார்கள்.

தன்ஷிகாவுக்கு நேற்றுவரை இந்தச் சட்டத்தின்மேல் ஒரு குறையும் இல்லை. குளம் தூர்வாரியபோது சேற்றிலிருந்து வந்த நூறு வயதுப் பெட்ரோல் காரை, ஒன்பது வருஷம் பாடுபட்டு ஓட வைத்தவள் அவள். செங்கல் நிறம் பூசி, செவலை என்று பெயரும் வைத்திருந்தாள். இந்த வருஷத்து ஆயில் மாற்றத்துக்கு இன்று மாலை ஐந்து மணி கெடு. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டவள், நேற்றுக் குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஆறு வாரம் கட்டுப் பிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இடது கையால் ஸ்பானரைப் பிடித்து மதியம்வரை மல்லுக்கட்டினாள். ஆயிலை வடியவிடும் அடி நட் மசியவே இல்லை. சுவரில் இருந்த சாட்சிக்கண் எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தது. யார் கை என்று பார்ப்பது மட்டுமே அதன் வேலை.

மூன்று மணிக்கு ஆய்வாளர் இன்பரசி வந்தாள். "வேற யாராச்சும் மாத்துனா வண்டி அவங்க பேருக்குப் போயிருமுங்க. இல்லீன்னா உருக்காலை. நான் என்னங்க பண்றது?"

அப்போதுதான் எதிர்வீட்டுக் கவின் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். அன்று சேற்றில் செவலையை முதலில் பார்த்தவர் அவர்தான். கயிறு எடுத்துவரப் போன நேரத்தில் தன்ஷிகா கைவைத்துத் தன் பெயரில் பதிந்துவிட்டாள். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. மனிதர் பலே கைகாரர். முப்பது வருஷத்தில் சிவப்பு வரிசையில் தன் பெயர் ஒருநாளும் வந்ததில்லை என்று போகிற கல்யாணத்தில் எல்லாம் சொல்லுவார்.

"ஏனுங்க, நான் மாத்தட்டுங்களா?"

தன்ஷிகா காருக்குக் குறுக்கே வந்து நின்றாள். "இதுக்குத்தானே ஒம்பது வருஷமாக் காத்துட்டிருந்தீங்க?"

"உருக்கறதுக்குப் பதிலா எங்கிட்ட இருக்கட்டுமேங்க."

தன்ஷிகா செவலையின் பானெட்டை ஒருமுறை தடவினாள். சாவியை அவர் கையில் வைத்தாள். "உசுரோட இருந்தாச் சரிங்க."

கவின் எஞ்சினைச் சற்றுச் சூடாக்கி நிறுத்தினார். தட்டை அடியில் தள்ளி, நட்டைக் கழற்றினார். கறுத்த ஆயிலை வடியவிட்டு வேறு கேனில் ஊற்றி, தட்டைத் துணியால் பளிச்சென்று துடைத்தார். அடியில் படுத்துப் பழைய ஆயில் வடிகட்டியைக் கழற்றித் தரையில் வைத்தார். அதன் வாயில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் இல்லை. எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது போல.

"வளையம் அங்கேயே..." என்று தன்ஷிகா ஆரம்பித்தாள். கவினுக்குத் திடீரென்று பெரிய இருமல். இருமி முடிப்பதற்குள் புது வடிகட்டியைத் திருகிவிட்டார். நட்டை முறுக்கி, இந்த வருஷ ரேஷனான மூன்று லிட்டர் ஆயிலை ஊற்றி, சாவியைத் திருப்பினார்.

வடிகட்டியிலிருந்து ஆயில் மடமடவென்று கொட்டியது. சட்டென்று எஞ்சினை அணைத்தார்.

இன்பரசி குனிந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "என்னங்க இது? பழைய வளையத்துமேலயே புது வளையத்தை மாட்டிப்போட்டீங்களா, ஒழுகாம என்ன பண்ணும்? உங்களுக்கா இந்தக் கெதி?"

"கண்ணு மங்கிப்போச்சுங்க" என்றார் கவின், கையைத் துடைத்தபடி.

"கெட்டுப்போன வேலை சட்டப்படி செல்லாதுங்க. வண்டி பழைய பேருலயே நிக்கும், நாப்பத்தஞ்சு நாள் புதுக் கெடு. ஆனா உங்க பேரு சிவப்புல வந்துருமுங்க." அவளுக்கே சொல்லச் சங்கடமாக இருந்தது.

"வரட்டுமுங்க."

அவள் போனபிறகு தன்ஷிகா காரின் அடியில் பார்த்தாள். துடைத்த தட்டு வடிகட்டிக்கு நேர் கீழே இருந்தது. கொட்டிய ஆயில் முழுவதும் அதற்குள்தான். ஒரு சொட்டுகூடத் தரையில் இல்லை. கண் மங்கிய மனிதர், ஒழுகும் இடத்தை முன்கூட்டியே பார்த்துத் தட்டு வைத்திருக்கிறார்! கும்பிடப் போனாள், ஒரு கைதான் எழுந்தது.

"நன்றிங்ண்ணா" என்றாள். ஒன்பது வருஷத்தில் முதல் அண்ணா. "எனக்காக உங்க பேரைக் கெடுத்துக்கிட்டீங்களே. இதை நான் எப்படி மறப்பேன்?"

"அதை வடிகட்டி வை அம்மிணி, சுத்தமான ஆயில். கட்டுப் பிரிச்சதும் ஊத்திக்கலாம்."

நாற்பத்துமூன்றாம் நாள் தன்ஷிகா தன் கையாலேயே பழைய வளையத்தைப் பிய்த்தெடுத்து வேலையை முடித்தாள். இன்பரசி கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலை சரியாக ஏழு மணிக்குச் செவலை எதிர்வீட்டு வாசலில் நின்றது.

"ஏறுங்ண்ணா."

"இப்பவா? பலகைக்கிட்ட ஊரே நிக்கும் அம்மிணி. என் பேரு அங்க செவப்புல தொங்குது."

"அதனாலதாங்ண்ணா இப்பவே."

அவர் தயங்கித் தயங்கி முன்சீட்டில் உட்கார்ந்தார். கூட்டம் காபித் தம்ளரோடு திரும்பிப் பார்த்தது. அவர் பெயருக்கு நேர் கீழே காரை நிறுத்தி, தெருவே அதிர ஹாரன் அடித்தாள் தன்ஷிகா.