பயப்படாத எலிகள்

திங்கள் காலை ஒன்பது பத்து. குன்னூரை அடுத்த ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் குளிர்ப்பெட்டியைத் திறந்த டாக்டர் ஃபிசா, மருந்துக் குப்பி இருந்த இடம் காலியாக இருப்பதைக் கண்டார். மூன்று வருடம் பாடுபட்டு உருவாக்கிய மருந்து. மிச்சம் இருந்ததே அந்த ஒரு குப்பிதான்.

ஒன்பது ஐம்பதுக்கு சப்-இன்ஸ்பெக்டர் சசிரேகா வந்தபோது, திருடனின் பெயர் தயாராக இருந்தது. எலிக்கூண்டுகளைக் கழுவித் தீனி வைக்கும் அருள்ராஜ். ஞாயிறன்று சாவி அவரிடம்தான் இருந்தது என்றார், ஃபிசாவுக்குக் கீழே சோதனைகளைச் செய்யும் தீபக். பூட்டும் உடைபடவில்லை. வளாகத்துக் குடியிருப்பில் குடும்பத்தோடு இருப்பவர் அருள்ராஜ். வேலை போனால் வீடும் போகும். சுவரோரம் நின்றார்.

ஆளைக் கூட்டி வந்துவிடச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. சசிரேகாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூடுபனி அப்பிய ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். வெளியே யாரும் வாங்காத மருந்தை இந்த மனிதர் எடுத்து என்ன செய்வார்?

அந்த மருந்து எதற்கு என்று கேட்டாள். ஃபிசா ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார்.

"இதுல எலியை விட்டுக் கால்ல லேசா ஷாக் கொடுப்போங்க. மறுநாள் இதே பெட்டியில விட்டா, பயத்துல அசையாம நின்னுரும். அந்த நேரத்துல பாதத்துல ஊசி போட்ட வலிகூடப் பெருசாத் தெரியாது."

பயம் எப்படி வலியை அமுக்குகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. எந்த மரபணு எப்போது வேலை செய்யவேண்டும் என்று முடிவு செய்யும் ஏற்பிகள் என்ற புரதங்கள், செல்லின் உட்கருவுக்குள் உண்டு. பயத்துக்கும் வலிக்கும் முடிச்சுப் போடுவதில் அவற்றுக்குப் பங்கு இருக்கிறதா என்று பார்க்க, அவற்றை அடைக்கும் மருந்து அது.

வெள்ளிக்கிழமை பதினாறு எலிகளுக்கும் ஷாக் கொடுத்ததாகத் தீபக் சொன்னார். சனிக்கிழமை எட்டு எலிகளுக்கு மருந்தும், ஒப்பிட்டுப் பார்க்க மற்ற எட்டுக்கு வெறும் உப்புநீரும் போட்டாராம். முடிவுகள் பிரமாதம். குப்பியில் பாதிதான் மிச்சமாம்.

பத்து நாற்பது. மருந்து போட்ட எலி ஒன்றைப் பெட்டியில் விடச் சொன்னாள் சசிரேகா. அது மூலை மூலையாக மோந்து பார்த்தது. உட்கார்ந்து முகம் கழுவியது.

"பாத்தீங்களா மேடம்? மருந்து பயத்தையே எடுத்துருச்சு" என்றார் தீபக். ஃபிசாவின் முகம் மலர்ந்தது.

சரியாகத்தான் பட்டது. அருள்ராஜை அழைத்துக்கொண்டு கதவு வரை போன சசிரேகா, மனம் கேட்காமல் திரும்பினாள். இப்போது உப்புநீர் போட்ட எலியை விடச் சொன்னாள்.

அதுவும் முகம் கழுவியது. அடுத்ததும் அப்படியே. எட்டில் ஒன்றுகூட உறையவில்லை. தீபக் பெட்டியைப் பார்க்கவேயில்லை.

"ஷாக் வாங்கின எலி மூணு நாள்ல மறந்துருமா, டாக்டர்?"

"வாரக்கணக்கா மறக்காதுங்க." ஃபிசாவின் குரல் இறங்கியிருந்தது.

"இந்த எட்டுக்கும் பயத்தை எடுக்கிறதுக்கு எந்த மருந்தும் போடலை. அப்படின்னா எந்த எலிக்கும் ஷாக்கே கொடுக்கலை. சோதனையே நடக்கலைங்க. குப்பி முழுசா இருந்தா அது தெரிஞ்சுரும். அதனால காணாமப் போகவேண்டியதாச்சு. எடுத்தது நீங்கதானே, தீபக்?"

தீபக் நாற்காலியில் சரிந்தார். முந்தைய இரண்டு சோதனைகளிலும் எதுவும் தேறவில்லை என்றார். மூன்றாவதும் தோற்றால் தாங்காது என்று எண்களைத் தானே எழுதிக்கொண்டார். சாவியை ஒப்படைக்கும் முன், சனிக்கிழமை மாலையே குப்பியை எடுத்துவிட்டார். கொட்டிவிட மட்டும் மனம் வரவில்லை.

அவர் அறையில், கம்பளிச் சட்டைக்குள் குப்பி கிடைத்தது. சீல்கூட உடையவில்லை. ஆனால் இரண்டு நாள் வெளியில் கிடந்ததில் மருந்து கலங்கிப் பாழாகியிருந்தது. ஃபிசா அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

நீங்க போலாம் என்று அருள்ராஜிடம் சொன்னாள் சசிரேகா. இரண்டடி வைத்தவர் மேசையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ரப்பர் பூட்ஸைக் கழற்றினால், கணுக்கால் வீங்கிக் கறுத்திருந்தது. குப்பியைக் காணோம் என்று காலையில் கூப்பிட்டபோது, ஓடிவந்து படியில் விழுந்திருக்கிறார்.

"ரெண்டு மணி நேரமா இந்தக் காலோடவா நின்னீங்க?"

"தெரியலீங்கம்மா. நீங்க போலாம்னு சொன்னப்பறந்தானுங்க வலிக்குது."

ஃபிசா குப்பியைக் கீழே வைத்தார். அருள்ராஜின் அருகே மண்டியிட்டு, விரல்களை அசைக்க முடிகிறதா என்று கேட்டார்.