டியூபின் மறுமுனை

"பெட்ரோல் எடுக்க நான் டியூபை வாயில வெச்சு ஒரு இழுப்பு இழுத்தா டேங்கர் லாரியோட வயிறே ஒட்டிப்போயிடும்" என்றார் அப்பா. "ஒருநாள் நான் இந்தப் பக்கம் இழுக்கறேன், டேங்குக்குள்ள இருந்து ஒருத்தன் அந்தப் பக்கம் இழுக்கறான். ரெண்டு பேரும் விடலையே."

"யாருப்பா ஜெயிச்சது?" என்றாள் மகள், நிறைமாத வயிற்றைத் தாங்கியபடி.

"நான் இங்க உக்காந்திருக்கேன்ல."

லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர். அவர் சொல்வதில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டுத்தான் அவள் காதில் போட்டுக்கொள்வாள். கம்ப்யூட்டரெல்லாம் படுக்கப்போகிறது, பெட்ரோல் பங்க் மூடப்போகிறது என்று அவர் பழைய இரும்பு டிரம் ஒன்றை உருட்டிவந்தபோதும் சிரித்தாள். கேன் கேனாகப் பெட்ரோல் வாங்கி அதை நிரப்புவதற்கு அலைந்தே காரின் டேங்க் வற்றிப்போனது.

இப்போது அவர் சொன்னபடியே பெட்ரோல் பங்க்குகள் மூடிக்கிடந்தன. வெளியூரில் மாட்டிக்கொண்ட கணவனுக்குப் போன் போகவில்லை. ஆம்புலன்ஸ் எண் எடுக்க ஆளில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் அவளுக்கு வலி கண்டது.

"டிரம் இருக்கு, நான் இருக்கேன். வா" என்றார் அப்பா.

கார் ஷெட்டில் பெட்ரோல் நெடி மூக்கை எரித்தது. அதற்கு அடியில், வெகுநாள் மூடியிருந்த ஒரு வாயைத் திறந்ததுபோல வெதுவெதுப்பான, ஈரமான இன்னொரு வாடை. டார்ச்சைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்தாள். டிரம்முக்குள் இறங்கியிருந்த டியூபின் மறுமுனை தரையில் கிடந்து மெல்லச் சீட்டியடித்தது. தரைத் தூசி அதன் வாயை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

"அப்பா, அது காத்தை உள்ள இழுக்குது."

"இந்த வயித்தோட என்னென்னவோ தோணும்மா."

கண்ணடித்துவிட்டு டியூபை வாயில் வைத்தார். மஞ்சள் திரவம் ஒரு சாண் ஏறியது. நின்றது. கீழே இறங்கியது.

அவர் மீண்டும் இழுத்தார். கன்னங்கள் குழிந்தன.

மேலும் குழிந்தன.

"அப்பா, விடுங்க."

இரண்டு கைகளாலும் டியூபைப் பிடுங்கினார். வரவில்லை. அவளும் பிடுங்கினாள். வரவில்லை. சட்டை அவர் மேல் தொளதொளத்தது. கழுத்து சுருங்கியது. கண்கள் மட்டும் அவளையே பார்த்தன.

பிறகு டியூப் தானாகக் கழன்று விழுந்தது.

அப்பா நின்றுகொண்டிருந்தார். வாய் வட்டமாகத் திறந்திருந்தது. மூச்சு இல்லை.

டிரம்மின் தகட்டை உள்ளிருந்து யாரோ தட்டினார்கள். அடுத்து, அந்தக் குறும்புச் சிரிப்பு. இரும்பில் பட்டு எதிரொலிக்கும் அப்பாவின் குரல்.

"இந்தத் தடவை அவன் ஜெயிச்சுட்டான்மா. இப்பவாவது நம்புறியா?"

தரையில் கிடந்த டியூபின் வாய் மெல்ல அவள் பக்கம் திரும்பியது. நைட்டியின் ஓரம் அதை நோக்கிப் படபடத்தது. வயிற்றுக்குள் குழந்தை ஒருமுறை புரண்டது.

"நம்புறேம்பா" என்றாள். "அன்னிக்கு அந்த டேங்கர்லயும் நிஜமாத்தான் நடந்திருக்கு."